நீர்த்தலும் நேர்மையும்: அளவைக் கண்ணாடிக் கலன்களின் வரலாறு

முன்னுரை

அளவையைப் பற்றிப் பேசுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று செவிடு முதல் கலம் வரை ஏணிப்படிபோல் ஏறும் முகத்தலளவை வாய்பாட்டை நம் முன்னோர் மனப்பாடமாக வைத்திருந்தனர். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலைக் குறிப்பிட்டு, அது ‘இராசகேசரி’ என்னும் அளவோடு ஒத்தது என்றும் கூறுகின்றன. கோயில் மரக்கால் இன்னோர் அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்பது இதனாற் புலனாகின்றது. ஓர் அளவுகலன் தன்னளவில் நம்பத்தக்கதன்று; ஒப்புநோக்கப்பட்ட பின்னரே அது நம்பிக்கைக்கு உரியதாகின்றது. இக்கருத்தே இவ்வுரையின் அடித்தளம்.

இன்று நாம் ஆராயப்புகுவது வேதியியற் கூடத்தின் கண்ணாடி அளவுகலன்களைப் பற்றி. குறிப்பாக, ஒரு கரைசலைத் துல்லியமாக நீர்க்கச் செய்வதற்குரிய கலன்களைப் பற்றி. நீர்த்தல் என்பது பார்வைக்கு எளிய செயல். சிறிதளவு கரைசலை எடுத்து, நீர் சேர்த்துப் பெரிதாக்குதல், அவ்வளவே. ஆயினும் மருந்தின் வீரியம், குடிநீரின் தூய்மை, பொன் வெள்ளியின் தரம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் ஆய்வுகள் பலவும் இவ்வெளிய செயலையே நம்பியிருக்கின்றன. முதற் படியில் நேர்ந்த பிழை இறுதி விடை வரை தொடர்ந்து வரும். பின்னர் எத்துணைக் கவனமாகக் கணக்கிட்டாலும் அதனைத் திருத்தவியலாது.

வெளுப்புத் தொழிலில் பிறந்த குழாய்

அளவிட்ட கண்ணாடிக் குழாய் பல்கலைக்கழகத்திற் பிறக்கவில்லை. அதன் தொட்டில் துணி வெளுக்கும் தொழிற்சாலை. பிரெஞ்சு வேதியியலறிஞர் பெர்தொலே 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் குளோரின் வளியால் துணியை வெளுக்கலாம் எனக் காட்டினார். அதுவரை வாரக்கணக்காகப் புல்வெளியில் வெயிலில் விரித்து வெளுத்த துணி, இப்போது சில மணி நேரத்தில் வெண்மை பெற்றது. ஆனால் புதியதொரு சிக்கலும் உடன் வந்தது. குளோரின் நீர் செறிவு மிகுந்தால் நூல் இற்றுப்போகும். செறிவு குறைந்தால் துணி வெளுக்காது. கண்ணாலும் மூக்காலும் செறிவை அறிய இயலாது.

ரூவான் நகரைச் சேர்ந்த தெக்ருவாசீ (1751–1825) என்பார் இதற்கு வழி கண்டார். அவுரிச் சாயத்தைக் கந்தக அமிலத்திற் கரைத்து நீல நிறக் கரைசல் ஒன்றை அமைத்தார். குளோரின் நீர் அந்நீலத்தை அழிக்கும். குறிப்பிட்ட அளவு குளோரின் நீர் எவ்வளவு நீலத்தை அழிக்கின்றது என்பதைக் கோடிட்ட குழாயில் அளந்தால் அதன் வலிமை விளங்கும். 1795இல் அவர் வெளியிட்ட இக்கருவிக்குப் பெர்தொலேயின் பெயரையே சூட்டினார். பின்னர், 1806இல், சாம்பலுப்பின் காரத்தன்மையை அளக்கும் கருவியையும் விளக்கி எழுதினார். வெளுப்போனுக்கும் வணிகனுக்கும் இடையிலான வழக்கைக் கோடிட்ட கண்ணாடி தீர்த்துவைக்கத் தொடங்கியது.

நாணயச் சாலையின் உப்புநீர்

அளவுகலனின் வரலாற்றில் தலைமையிடம் பெறுபவர் கே-லூசாக் (1778–1850). குளோரினை அளப்பது பற்றி அவர் 1824இல் எழுதிய கட்டுரையில் ‘பியூரெட்’, ‘பிப்பெட்’ என்னும் இரு சொற்களும் இன்றைய பொருளுக்கு நெருங்கி வழங்கப்பட்டன. அவற்றுள் முன்னது பிரெஞ்சு மொழியில் எண்ணெயோ திராட்சைமதுவோ வார்க்கும் சிறு கிண்டியைக் குறித்த சொல்; பின்னது சிறு குழலைக் குறித்தது. இரண்டும் வீட்டுப் புழக்கச் சொற்களே என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

அவருடைய பெரும்பணி 1832இல் வெளிவந்த வெள்ளித் தர ஆய்வு முறை. பிரான்சின் வெள்ளி நாணயத்தில் ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி இருத்தல் வேண்டும். அதனைச் சோதிக்க நெடுங்காலமாகக் கையாளப்பட்ட முறை புடமிடுதல். ஈயத்துடன் சேர்த்து உருக்கி, ஏனை உலோகங்களைப் புடக்கிண்ணம் உறிஞ்சிக்கொள்ளச் செய்து, எஞ்சிய வெள்ளியை நிறுப்பர். ஆனால் நெருப்பில் வெள்ளியும் சிறிது ஆவியாகும். கிண்ணத்திலும் சிறிது உறையும். ஆகவே உண்மையினும் குறைந்த தரமே விடையாகக் கிடைத்தது. ஆயிரத்தில் சில பங்கு என்பது ஒரு நாணயத்திற்குப் பெரிதன்று. ஓர் அரசின் கருவூலத்திற்கோ பெருந்தொகை.

கே-லூசாக் நெருப்பை விடுத்து நீரைக் கைக்கொண்டார். நாணயத்தின் சிறு துண்டை நைட்ரிக அமிலத்திற் கரைத்து, அதனுடன் உப்புநீர் சேர்த்தால் வெள்ளி வெண்ணிற வீழ்படிவாக இறங்கும். 100 மில்லிலிட்டர் உப்புநீர் சரியாக 1 கிராம் வெள்ளியை வீழ்த்துமாறு அவர் கரைசலை அமைத்தார். ஏறத்தாழ 1 கிராம் வெள்ளி அடங்கிய துண்டை எடுத்துக் கரைத்து, 100 மில்லிலிட்டர் பிப்பெட்டால் இவ்வுப்புநீரை ஒரேமுறை வார்த்துவிடுவர். எஞ்சிய மிகச் சிறிதளவு வெள்ளியைக் காண்பதே கடினமான வேலை. செறிந்த உப்புநீரின் ஒரு துளி, அதாவது ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், 0.5 மில்லிகிராம் வெள்ளியை வீழ்த்தும். ஒரு துளி கூடினாலே ஆயிரத்தில் அரைப்பங்கு பிழையாகிவிடும்.

இங்கேதான் நீர்த்தல் துணைக்கு வந்தது. அதே உப்புநீரில் ஒரு பங்கை எடுத்துப் பத்துப் பங்காக நீர்த்து, ‘தெசீம்’ கரைசல் எனப்படும் பத்திலொரு பங்குக் கரைசலை அவர் அமைத்துக்கொண்டார். இதன் 1 மில்லிலிட்டர் 1 மில்லிகிராம் வெள்ளிக்கு நிகர். ஒரு துளியோ 0.05 மில்லிகிராம் அளவே. மில்லிலிட்டர் மில்லிலிட்டராகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் குப்பியை நன்கு குலுக்கித் தெளியவைத்து, புதிய வெண்புகை தோன்றாத நிலையை எட்டும்வரை தொடர்ந்தனர். கரைசலை நீர்க்கச் செய்தமையால் கையின் பிழையும் கண்ணின் பிழையும் பத்திலொன்றாகக் குறைந்தன.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் நுட்பமானது. பத்திலொரு பங்குக் கரைசலை நீர்க்கும்போது நூற்றுக்கு 1 பங்கு பிழை நேர்ந்தாலும், அதன் 1 மில்லிலிட்டரில் அப்பிழை 0.01 மில்லிகிராம் வெள்ளி மட்டுமே. ஆனால் முதலில் வார்த்த 100 மில்லிலிட்டரில் வெறும் 0.1 மில்லிலிட்டர் பிழை நேர்ந்தால், அது முழுதாக 1 மில்லிகிராம் வெள்ளியை மாற்றிவிடும். எக்கலன் பெரும்பங்கைச் சுமக்கின்றதோ அக்கலனைத் தேர்வதிலேயே மிகுந்த கவனம் வேண்டும் என்பது இதன் பொருள்.

ஒரு லிட்டர் என்பது எவ்வளவு?

செருமானிய மருந்தாளுநர் பிரீடரிக் மோர் (1806–1879) பியூரெட்டின் அடியில் இரப்பர்க் குழலும் இடுக்கியும் பொருத்தி, ஒரு கையால் துளி துளியாக விடும் வசதியைத் தந்தார். 1855இல் வெளிவந்த அவருடைய பாடநூல் இம்முறையை ஐரோப்பா முழுதும் பரப்பியது.

மோர் பின்பற்றிய லிட்டரோ தனி வகையானது. 17.5 பாகை செல்சியசில், காற்றில் நிறுத்தபோது 1000 கிராம் எடை காட்டும் நீரின் பருமனை அவர் ஒரு லிட்டர் என்றார். செய்முறைக்கு இது எளிது. தராசு ஒன்றிருந்தாற் போதும். ஆயினும் அது மெய்யான லிட்டரினும் ஏறத்தாழ 2.4 மில்லிலிட்டர் பெரிது. குடுவை, பிப்பெட், பியூரெட் ஆகிய மூன்றும் மோரின் அளவிலேயே இருந்தால் விகிதம் கெடாது. குடுவை ஒரு முறையிலும் பிப்பெட் வேறொரு முறையிலும் அமைந்திருந்தால், ஆய்வாளர் அறியாமலே நூற்றுக்கு கால் பங்கு பிழை புகுந்துவிடும்.

லிட்டரின் வரையறையும் நெடுங்காலம் நிலைகொள்ளவில்லை. 1795இல் பிரான்சு அதனைக் கன தெசிமீட்டர் என வகுத்தது. 1901இல் அனைத்துலக எடையளவை மாநாடு, நீர் மிகுந்த அடர்த்தியோடிருக்கும் வெப்பநிலையில் 1 கிலோகிராம் நீரின் பருமனே லிட்டர் என்றது. இவ்விரண்டிற்கும் பத்து இலட்சத்தில் 28 பங்கு வேறுபாடு உண்டு. 1964இல் அம்மாநாடு பழைய கன தெசிமீட்டருக்கே மீண்டது. வாய்பாட்டில் உறுதியாகத் தோன்றும் ஓர் அலகுக்குப் பின்னாலும் இத்துணை வாதம் நடந்திருக்கின்றது.

கண்ணாடியும் கரையும்

கலனின் வடிவைப் பேசிய நாம் அதன் பொருளையும் பேசவேண்டும். நீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று முன்னாளில் நம்பினர். காய்ச்சிய கலத்தின் அடியில் மண் போன்ற படிவு காணப்பட்டதே காரணம். இலவாய்சியே மூடிய கண்ணாடிக் கலத்தில் 101 நாள் நீரைக் காய்ச்சி, முன்னும் பின்னும் கலத்தை நிறுத்தார். கலத்தின் எடை குறைந்திருந்தது. படிவு நீரிலிருந்து வரவில்லை, கண்ணாடியிலிருந்தே வந்தது என அவர் நிறுவினார். கண்ணாடியும் கரையும் என்பதற்கு அவருடைய தராசு சான்றாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருமனியின் யேனா நகரில் ஆட்டோ சாட் போரான் கலந்த கண்ணாடிகளை உருவாக்கினார். 1915இல் அமெரிக்காவில் ‘பைரெக்சு’ விற்பனைக்கு வந்தது. இவ்வகைக் கண்ணாடி வேதிப்பொருள்களுக்கு எளிதில் இடங்கொடாது. வெப்பத்தால் விரிவதும் சாதாரணக் கண்ணாடியில் மூன்றிலொரு பங்களவே. ஆயினும் செறிந்த காரக் கரைசல் இதனையும் மெல்ல அரிக்கும். ஆதலால் காரக் கரைசலை அளவுக் குடுவையில் ஆக்கலாம். அதிலேயே சேமித்து வைத்தலாகாது.

கலனைத் தேர்தல்

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு, இன்றைய ஆய்வுக்கூடத்தில் கலனைத் தேரும் முறையைக் காண்போம். முகவையிலும் கூம்புக் குடுவையிலும் உள்ள கோடுகள் தோராயமானவை. நூற்றுக்கு 5 பங்கு வரை பிழைபடலாம். அவை கலக்குவதற்கு உரியன, அளப்பதற்கு உரியனவல்ல. துல்லியமாக நீர்க்கச் செய்ய வேண்டின், ஒற்றைக் கோடிட்ட பிப்பெட்டும் ஒற்றைக் கோடிட்ட அளவுக் குடுவையுமே ஏற்றவை.

அளவுக் குடுவையின் கழுத்து ஏன் ஒடுங்கியிருக்கின்றது? 7 சென்டிமீட்டர் அகலமுடைய முகவையில் நீர்மட்டத்தை 1 மில்லிமீட்டர் தவறாகக் கண்டால் பிழை ஏறத்தாழ 3.8 மில்லிலிட்டர். 12 மில்லிமீட்டர் அகலமுடைய கழுத்தில் அதே தவறு 0.11 மில்லிலிட்டர் மட்டுமே. நெல்லளப்போர் தலைதட்டி அளப்பதற்கும் கோபுரமாகக் குவித்து அளப்பதற்கும் வேறுபாடு கண்டதுபோல, இங்கும் கலனின் வாயகலமே பிழையைத் தீர்மானிக்கின்றது.

கலனின்மேற் பொறித்த குறிகளும் படிக்கத்தக்கவை. ‘இன்’ என்னும் குறி, கோடுவரை நிரப்பினால் உள்ளே அடங்கும் அளவு அது என்பதைக் காட்டும். ‘எக்ஸ்’ என்பது வெளியே வழங்கும் அளவு. குடுவை கொள்ளளவு காட்டுவது; பிப்பெட் வழங்களவு காட்டுவது. பிப்பெட்டின் நுனியில் எஞ்சும் சிறுதுளியைக் கணக்கிற்கொண்டே கோடு இடப்பட்டிருக்கின்றது. ஆகவே அதனை ஊதி வெளியேற்றுதல் பிழை. நுனியைக் கலத்தின் சுவரில் தொட்டு நிறுத்தினாற் போதும். ‘ஏ’ வகுப்பு என்னும் குறி, ஏற்கத்தக்க பிழையின் எல்லை குறுகியது என்பதற்கு அடையாளம்.

நூறு மடங்கு நீர்க்க வேண்டும் என்று கொள்வோம். ‘ஏ’ வகுப்புக் கலன்களுக்கு அனைத்துலகத் தரம் வகுத்த எல்லைகள் இவை: 1 மில்லிலிட்டர் பிப்பெட்டுக்கு 0.008, 10 மில்லிலிட்டர் பிப்பெட்டுக்கு 0.02; 100 மில்லிலிட்டர் குடுவைக்கு 0.1, 1000 மில்லிலிட்டர் குடுவைக்கு 0.4 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரை நூறாக்கினால் பிழை நூற்றுக்கு 0.9 பங்கு வரை ஆகலாம். பத்தை நூறாக்கி, அதிற் பத்தை மீண்டும் நூறாக்கினால் 0.6 பங்கு. பத்தை நேரே ஆயிரமாக்கினால் 0.24 பங்கு. படிகள் குறைவது மட்டும் போதாது. எடுக்கும் அளவு மிகச் சிறிதாகாமலும் இருத்தல் வேண்டும். நீர்க்கப் பயன்படும் நீர்மம் மலிவாயின் மூன்றாம் வழியே சிறந்தது. அந்நீர்மம் அரிதாயின் இரண்டாம் வழி தக்கது.

கலனை ஆயத்தப்படுத்தல்

நல்ல கலனும் அழுக்கேறினால் பொய்யுரைக்கும். தூய கண்ணாடியில் நீர் மெல்லிய படலமாக ஒரு சீராக வழியும். எண்ணெய்ப்பசை இருப்பின் முத்து முத்தாகத் திரளும். இதுவே எளிய சோதனை. முன்னாளில் குரோமிக அமிலக் கலவையாற் கழுவினர். அது புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்பதால் பள்ளிகளில் அதனைத் தவிர்த்து, தூய்மையாக்கும் சோப்புக் கரைசலால் கழுவிப் பலமுறை அலசுதலே முறை.

அலசுவதிலும் கணக்குண்டு. கலனில் 1 மில்லிலிட்டர் பழைய கரைசல் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். 30 மில்லிலிட்டர் நீரை ஒரேமுறை ஊற்றி அலசி வடித்தால் பழையது 31இல் ஒரு பங்காகும். அதே நீரைப் பத்துப் பத்தாக மும்முறை ஊற்றினால் 1331இல் ஒரு பங்காகிவிடும். சிறிது சிறிதாகப் பலமுறை என்பதே விதி.

இறுதியாக அலசும் நீர்மத்திலும் வேறுபாடு உண்டு. பிப்பெட்டையும் பியூரெட்டையும் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே அலசவேண்டும். இல்லையேல் உள்ளே ஒட்டிய நீர் கரைசலை நீர்க்கச் செய்துவிடும். அளவுக் குடுவையையோ காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே அலசவேண்டும். அதில் ஈரம் எஞ்சினாலும் கேடில்லை, கரைசல் எஞ்சினால் கேடு. இவ்விரண்டையும் மாற்றிச் செய்தால் விடையும் மாறிவிடும்.

நீர் நிரப்புகையில் குடுவையின் பாதியளவில் நிறுத்திச் சுழற்றிக் கலக்கி, அறை வெப்பநிலையை அடையவிட்டு, பின்னரே கோட்டை எட்டவேண்டும். பிறைத்தளத்தின் அடிவிளிம்பு கோட்டைத் தொடுமாறு, கண்ணை அதே மட்டத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். நிறைந்தபின் மூடியிட்டுப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்தினாலன்றி ஒடுங்கிய கழுத்திலுள்ள நீர் கீழுள்ளதோடு கலவாது.

நம் நாட்டு வெப்பமும் பால்மரத் தோட்டமும்

அளவுகலன்களிற் பெரும்பாலானவை 20 பாகை செல்சியசுக்கு அளவிடப்பட்டவை. அது ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் வெப்பநிலை. வெப்ப நாடுகள் 27 பாகையை அடிப்படையாகக் கொள்ள அனைத்துலகத் தரமே இடந்தருகின்றது. இந்தியா அவ்வாறே கொண்டிருக்கின்றது. 20 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சென்றால் 1 லிட்டர் நீர் ஏறத்தாழ 2.6 மில்லிலிட்டர் விரியும். போரான் கண்ணாடிக் குடுவையோ 0.1 மில்லிலிட்டர் அளவே விரியும். ஆகவே குளிரூட்டிய அறையில் ஆக்கிய கரைசலை வெப்பமான வகுப்பறையில் பயன்படுத்தினால் செறிவு நூற்றுக்கு கால் பங்கு குறையும். மோரின் லிட்டரால் நேரும் பிழையும் இவ்வளவே.

நம் பள்ளியிலுள்ள பிப்பெட்டை நாமே சோதிக்கலாம். 30 பாகை வெப்பத்தில் 1 மில்லிலிட்டர் நீர் காற்றில் ஏறத்தாழ 0.9946 கிராம் எடை காட்டும். ஆகவே 10 மில்லிலிட்டர் பிப்பெட் வழங்கும் நீர் 9.946 கிராம் இருத்தல் வேண்டும். நுண்ணிய தராசும் வெப்பமானியும் இருந்தால் மாணவர் ஒரு பாடவேளையில் இதனைச் செய்து முடிக்கலாம். மரக்காலை இராசகேசரியோடு ஒப்பிட்ட செயலின் இன்றைய வடிவம் இது.

நீர்த்தல் மலாயா நாட்டுத் தமிழர்க்கு அயலானதும் அன்று. பால்மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்து ஆலைக்குக் கொண்டுசென்றனர் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும். அங்கே ‘மெட்ரோலாக்’ என்னும் மிதப்பளவியால் பாலில் எவ்வளவு இரப்பர் உள்ளது எனப் பார்த்து, நீர் சேர்த்து ஒரே செறிவுக்குக் கொண்டுவந்து, பின் நீர்த்த அமிலம் விட்டு உறையவைத்தனர். பாலின் மதிப்பு அதிலுள்ள உலர்ந்த இரப்பரின் அளவைப் பொறுத்தது. அளவி பிழைபட்டால் அது உழைத்தவரின் கூலியையோ வாங்கியவரின் பணத்தையோ பாதிக்கும். ரூவான் நகரத்து வெளுப்போனின் வழக்கும் தோட்டத்துத் தொழிலாளியின் வழக்கும் அடிப்படையில் ஒன்றே.

சொல்லும் அளவும்

மொழியைப் பேணும் அவையில் பேசும் நாம் சொற்களைப் பற்றியும் கூறுதல் கடன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் அவர் முயற்சியால் வெளிவந்தது. அவ்வழியில் வளர்ந்த இலங்கைத் தமிழ் பியூரெட்டை அளவி என்றும், பிப்பெட்டைக் குழாயி என்றும், இரு கரைசல்களை ஒன்றோடொன்று வைத்து அளப்பதை நியமிப்பு என்றும் வழங்குகின்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பின்னதைத் தரம் பார்த்தல் என்கின்றன.

‘தரம் பார்த்தல்’ என்னும் இத்தொடரை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஐரோப்பிய மொழிகளில் இச்செயலுக்கு வழங்கும் பெயர் பிரெஞ்சு மொழியின் ‘தீத்ர்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. அச்சொல் பொன் வெள்ளியின் தரத்தை, அதாவது நம் பொற்கொல்லர் ‘மாற்று’ என்று கூறுவதைக் குறிக்கும். நாணயச் சாலையின் சொல்லே வேதியியலின் சொல்லாயிற்று. உரைகல்லில் உரைத்து மாற்றுக் காணும் மரபுடைய தமிழில் ‘தரம் பார்த்தல்’ என்பது அம்மூலப் பொருளை அப்படியே தாங்கி நிற்கின்றது.

கே-லூசாக் கிண்டியையும் குழலையும் கொண்டு பெயரிட்டார். நாமும் படி, நாழி, மாற்று, தலைதட்டு என்னும் சொற்களை ஆய்வுக்கூடத்து வாயிலில் விட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டியதில்லை. நம் நாட்டு மாணவர் இடைநிலைப் பள்ளியில் வேதியியலை வேறு மொழியிற் பயிலக்கூடும். ஆயினும் தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒருநாள் ஒரே மேசையருகே நின்று, ஒரு பிப்பெட்டின் நீரை நிறுத்து, அதன் மெய்யளவைத் தமிழிலேயே மாணவர்க்கு விளக்குவார்களாயின், அளவையின் வரலாறும் மொழியின் பயனும் ஒருங்கே அவர்தம் உள்ளத்தில் பதியும். அதற்குத் தேவைப்படுவன ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு பாடவேளை ஆகிய மூன்றுமே.